முப்பத்தொரு அங்குலம்

முதலில் சத்தம் கேட்கணும் என்றார்
பரோடாவிலிருந்து அறம்வளர்த்தநாதன்.
போனைப் பானட்டுக்குள் நீட்டினேன்.
மூன்றாவது இழுப்பில் எழுந்தது இன்ஜின்.
எங்கோ ஒருவர் கண்ணை மூடிக் கேட்பது
போன் பிடித்த கைக்குத் தெரிகிறது.
நடுவில் ஒரு இருமல்.
அது வண்டியா நீங்களா, என்றார்.
நான்தான் சார். புகை.

கருப்பந்துறையில் ஆற்றுக்கு இறங்கும் சந்து.
தகரக் கொட்டகைக்குள்
எழுபத்திரண்டாம் வருஷத்து அம்பாசடர் எஸ்டேட்,
கன்று ஈன நிற்கும் எருமை மாதிரி
பின்பக்கம் கனத்து.
பக்கக் கண்ணாடியில் வெள்ளை பெயிண்டில்
'ஞானதிரவியம் சவுண்ட்'.
சர்வீஸ் உரிந்துவிட்டது.

வண்டிக்கு இரண்டாயிரம், பெட்ரோல் தனி,
இதுதான் என் கூலி.
ஆயுதம் ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர்,
பிரிட்ஜ் கதவிலிருந்து கிளப்பி வந்த காந்தம்.
பிளாஸ்டிக் வாழைப்பழம்; மகளுக்குத் தெரியாது.
முன் மட்கார்டில் பிடித்தது.
நாலு கதவிலும் பிடித்தது.
இடது பின் விலாவில்
வழுக்கி மண்ணில் விழுந்தது.
ஊதிவிட்டு வைத்தேன். விழுந்தது.
தகடு இல்லை, பட்டி.
எவ்வளவு அகலம்?
ஒரு சோத்துத் தட்டு, சார்.

"அம்பை போற வழியில மாடு முட்டிட்டு," என்றார் ஞானதிரவியம்.
மாடா?
"காளை."

குனிந்து பழத்தை எடுத்தேன்.
முதுகில் கருமணல் மீசைபோல் சிலிர்த்து நின்றது.
விலாவில் காணாத இரும்பு
காலடியில் கிடந்திருக்கிறது.

பின்கதவைத் தூக்கினால்
ஜெனரேட்டர் குத்திய நாலு பள்ளம்,
கயிறு அறுத்த கோடுகள்.
செவ்வாயன்று சுடலைக்குக் கொடை,
வெள்ளியன்று எழுப்புதல் கூட்டம்,
அதே பதினாறு ஹாரன்.
அட்வான்ஸ் கொடுத்த சாமிக்கெல்லாம்
தொண்டை கொடுத்த வண்டி.

ஸ்டெப்னியைக் கழற்றினேன்.
குழியில் வண்டல்,
பவுடர்போல, சாம்பல் நிறம்.
விரலில் தேய்த்தால் மினுங்குகிறது.
தேரி மண் என்றால் சிவந்திருக்கும்.
உள்ளே ஒரு நத்தைக்கூடு,
மல்லி விதை அளவு.
டிப்ஸ்டிக்கில் ஆயில் தேன் நிறம்.
இரண்டு வருஷம் நின்ற வண்டிக்கு
நேற்று ஊற்றிய ஆயில்.

தண்ணி உள்ள வரலல்லா, என்று கேட்டேன்.
"சந்து முக்கோட நின்னுட்டு."
சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.
அவர் பார்த்த இடத்தை நான் பார்த்தேன்.
பின்கதவின் உள்தகட்டில்
இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை
பழுப்பாக ஒரு கோடு.
ரசமட்டம் வைத்தாலும் பிசகாது.

சுருட்டி வைத்திருந்த ஒயரை
அவிழ்த்து, மறுபடி சுருட்டினார்.
"ஆம்ப்ளிபயர் போச்சு, ஹாரன் போச்சு.
வண்டிய உள்ள விட்டுப் பூட்டிட்டுத்தான் போனேன்.
வந்து பார்த்தா
பூட்டு அப்படியே இருக்கு."
பிறகு குரலைக் குறைத்து,
"வெள்ளம்னு எழுதாதீங்க சார்.
ஈரம்னு எழுதுங்க.
ஈரம்னா பொய்யில்லல்லா."

பொய்யில்லைதான்.
மார்கழி பிறந்த அந்த ராத்திரி
மாடிப்படியில் உட்கார்ந்து
நானும் எண்ணினேன்,
ஒன்பதாம் படி, எட்டாம் படி, ஏழு.
கீழே என் ஸ்கூட்டரின் லைட்
தண்ணீருக்குள் தானாக எரிந்து
கொஞ்ச நேரம் மஞ்சளாக இருந்தது.
இன்சூரன்ஸ்காரன் வந்து என்ன எழுதினானோ
எனக்குக் காட்டவில்லை.

டேப்பை நீட்டினேன்.
ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டார்.
அனுப்பினேன்:
பின்கதவு, உள்தகடு, கோடு.
தரையிலிருந்து முப்பத்தொரு அங்குலம்.
ஈரம் என்கிறார் உரிமையாளர்.

பரோடா பேசவில்லை.
கொட்டகைத் தகரம் வெயிலில் முறுக்கி
டப்பென்று ஒருதரம் ஒலித்தது.
பிறகு,
மறுபடி சத்தம், என்றார்.

போனைப் பிடித்தேன்.
மூச்சை அடக்கிக்கொண்டேன்.
பக்கத்தில் ஞானதிரவியமும்
வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு.
நடுவில் ஒரு இருமல் வந்தது.
யாரென்று
இந்தமுறை அவர் கேட்கவில்லை.